நானாவின் பகல் சாப்பாடு

காரைக்கால்
14.12.2007, வெள்ளி

அன்பு மகன் சஃபியுல்லாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நௌஷினும் பிள்ளையும் அந்த ஷார்ஜா ஊரில் நோய்நொடி இல்லாமல், மனதில் சஞ்சலம் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகை முடிந்தும் கையேந்திக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை, அல்லாஹ்வுடைய கிருபையால் எல்லோரும் உயிரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம் என்று மட்டும் இப்போதைக்கு எழுதுகிறேன். மழை இந்த வருஷம் விட்டபாடில்லை, அரசலாற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது, கடைக்குள் தண்ணீர் புகுந்து சிமெண்ட் மூட்டைகள் கட்டியாகிவிட்டன, பின்கட்டு ஓட்டில் ஒழுகுகிறது, ஆள் சொல்லியிருக்கிறேன். மூத்தவன் உன் நானாவின் மகள் ஹாஸ்டலில் இருந்து பெருநாளுக்கு வருவாள். நீ அனுப்பிய போர்வை கிடைத்தது, நல்ல கதகதப்பு. போன வெள்ளிக்கிழமை போனில் ஏன் உம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்று சொன்னேன். சளி இல்லை. போன் இருப்பது நடுக்கூடத்தில், உன் நானாவின் மனைவி ஜன்னத் மச்சி பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவள் காதுபட அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் ஷார்ஜா போகிறவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உன் நானா முத்து முகம்மதுக்கு நவம்பர் மாதம் நெஞ்சுவலி வந்தது, தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம், ரத்தக் குழாயில் அடைப்பு என்று பலூன் விட்டுச் சின்ன வலை ஒன்று வைத்தார்கள், பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்கு முன்னாலும் நடந்தது இருக்கிறது, பின்னாலும் நடந்தது இருக்கிறது. இரண்டையும் நான் உன்னிடம் மறைத்தேன்.

மே மாதம் ஜமாஅத் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். ஜன்னத்தான் இவனைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை ஏகமாக இருந்தது, பிரஷரும் இருந்தது, எடை மிஷினில் ஏறி நின்றவனைப் பார்த்து அந்த டாக்டரம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க என்று கேட்டார்களாம். இவன் சிரித்துக்கொண்டே, "பைக்லேர்ந்து கல்லா வரைக்கும் நடப்பேன் டாக்டர்" என்று சொல்லியிருக்கிறான். அவர்களும் சிரித்துவிட்டு வாப்பா எப்படித் தவறினார் என்று கேட்டார்களாம், நெஞ்சுவலி, ஐம்பத்தொரு வயசு என்று இவன் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்களாம். இவனுக்கு இப்போது நாற்பத்தேழு. உனக்குத் தெரியாததா, காலையில் ஒன்பது மணிக்கு ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் அந்த நாற்காலிதான், வருகிறவர்களோடெல்லாம் சர்க்கரை போட்ட டீ, சாயங்காலம் எண்ணெய் சொட்டச் சொட்ட இறால் வாடா, இடையிடையே சிகரெட், ராத்திரி பத்தரைக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டு அப்படியே படுக்கை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளிவாசலுக்குக்கூட பைக்கில்தான் போவான்.

ஜன்னத் அன்றைக்கே வீட்டை மாற்றிவிட்டாள். டீயில் சர்க்கரை நின்றது. ஊறுகாய் ஜாடியும் கருவாட்டு டப்பாவும் அவள் உம்மா வீட்டுக்குப் போய்விட்டன. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றினாள். சோறு ஒரு கை அளவுதான், தட்டில் பாதி கீரையும் காயும், மீனைப் பொரிக்காமல் தேங்காய் குறைத்துக் குழம்பு வைத்தாள், மாட்டிறைச்சி மாதத்துக்கு ஒரு நாள். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கடைக்கே கொடுத்து அனுப்பினாள். விடிகாலை ஃபஜ்ர் தொழுததும் கடற்கரைச் சாலையில் நடக்கச் சொன்னாள், கோவில்பத்திலிருந்து வருவாரே நானாவோடு படித்த தங்கையன், பொதுப்பணித்துறையில் இருக்கிறவர், அவருக்கும் சர்க்கரை, அவரோடு சேர்த்துவிட்டாள். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது சஃபியுல்லா. கடைத்தெருவில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மகன், அவன் தட்டில் ஒரு கை சோறு.

ஜூலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். வந்த பெண்கள் எல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டு, உங்க மவன் ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டாரு, உடம்புக்குச் சுகமில்லையா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே என்று கேட்டார்கள். உண்மையில் அவனுக்கு நடை லேசாகியிருந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்திருந்தது, குறட்டைகூட அடங்கியிருந்தது. அதெல்லாம் என் கண்ணில் படவில்லை. ஊர்ப் பெண்கள் முன்னால் என் மகன் வற்றிப்போய் நின்றதுதான் பட்டது. வீட்டுக்கு வந்து படுத்துப் புரண்டேன்.

ஜன்னத் தருமபுரத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு எடுக்கிறாள் இல்லையா, பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் போனால் சாயங்காலம் அஸர் தொழுகைக்குத்தான் திரும்புவாள். நானாவின் பகல் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போவாள், எடுத்துப் போட்டுக் கொடுங்க மாமி என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். ஒரு நாள் அவன் வந்து அந்த மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். நான் அவன் கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிப்போய், ஜன்னத் பஸ்ஸுக்குப் போனதும் பின்கட்டு அடுப்பில் ஆக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த இறைச்சி ஆணத்தையும் அதில் தொட்டுச் சாப்பிடக் கடையில் வாங்கிவரச் சொன்ன பரோட்டாவையும் எடுத்து வைத்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உம்மா, ஜன்னத்துட்ட சொல்லிராதீங்க" என்றுதான் சொன்னான். சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகாமல் என் பின்னால் ஒளிந்துகொள்வானே அதே குரல். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் மறுபடி எனக்கே மகனாக வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரத்தில் நாலைந்து நாள் இது நடந்தது. ஒரு நாள் நெய்ச்சோறு, ஒரு நாள் பொரித்த கோழி, ஒரு நாள் கொத்துப் பரோட்டா. மேசையில் ஜன்னத் வைத்துவிட்டுப் போன கோதுமைச் சோறும் கீரையும் அப்படியே இருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அதை நான் சாப்பிட்டேன். நீ சிரிக்காதே, சில வாரத்திலேயே என் கால் எரிச்சல் குறைந்துவிட்டது, எனக்கும் இருக்கிற சர்க்கரை இறங்கியிருந்தது. அவனுக்கு இறங்கவில்லை. ஆகஸ்டில் மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு வந்து ஜன்னத் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு கவனமாகப் பார்த்தும் ஏன் இறங்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. "மாமி, நான் எதுல தப்பு பண்றேன், நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க, எங்கயாச்சும் தப்பு இருந்தா சொல்லுங்க மாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, எல்லாம் அல்லாஹ் நாடினபடி நடக்கும் என்று சொன்னேன். என் பொய்யை மறைக்க அவனுடைய பெயரை எடுத்தேன். அதற்கு மறுநாளிலிருந்து அவள் நானாவின் சோற்றை இன்னும் குறைத்தாள், அவன் மட்டும் தனியாகக் கஷ்டப்படக் கூடாது என்று தானும் ராத்திரிச் சோற்றை விட்டாள். நான் பகலில் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

நோன்பு மாதம் வந்தபோது பகல் சாப்பாடு தானாக நின்றது, அப்போதே விட்டிருக்கலாம். பெருநாள் முடிந்ததும் மறுபடி தொடங்கினேன். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, காலையிலிருந்து மழை, ஜன்னத் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் ஆக்கியிருந்தேன். அவன் வந்து உட்கார்ந்து பாதிகூடச் சாப்பிடவில்லை, போதும் உம்மா என்று தட்டைத் தள்ளினான். போதும் என்று அவன் சொல்லிக் கேட்டதே இல்லை, எனக்கு மனத்தாங்கலாகத்தான் இருந்தது, ஏன் வாப்பா ருசியில்லையா என்று கேட்டேன். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்தக் குளிரில் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. தாடை வலிக்கிறது என்றான், இடது தோளிலிருந்து கைவரை இழுக்கிறது என்றான். பிறகு அவனே, "வாய்வு உம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு என் கட்டிலில் சாய்ந்தான். உங்கள் வாப்பாவும் தவறின அன்றைக்கு வாய்வு என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது ஞாபகம் வந்தது, வந்தும் அதை நெஞ்சுக்குள்ளேயே அமுக்கிவிட்டு ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், முதுகில் தைலம் தேய்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான். "முடியல உம்மா. ஜன்னத்துக்குப் போன் போடுங்க" என்றான்.

இப்போது எழுதப் போவதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. நான் சரி வாப்பா என்று சொல்லிவிட்டு எழுந்தேன். போனுக்குப் போகவில்லை. முதலில் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். சட்டிகளைப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்தேன். தரையைத் துடைத்தேன். அறையெல்லாம் இறைச்சி வாசனை அடித்தது என்று சாம்பிராணி போட்டேன் சஃபியுல்லா, மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிற பிள்ளையின் அறையில் சாம்பிராணி போட்டேன். அவன் இருமினான். ஜன்னத் வந்து பார்த்தால் என்ன நினைப்பாள் என்பதுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. அதற்குப் பிறகுதான் போன் பண்ணினேன். அவள் அங்கிருந்தே தங்கையனுக்குப் போன் பண்ணி, அவர் ஆபீஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அவரும் கூட வந்த ஆபீஸ் ஆளும் இரண்டு பேராகத் தாங்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஜன்னத் தருமபுரத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள், தையல் ஊசி குத்திய துணி இன்னும் அவள் தோளில் இருந்தது.

தஞ்சாவூரில் எல்லாம் முடிந்து வெளியே வந்த டாக்டர், உயிருக்கு இனி பயமில்லை, ஆனால் இதயத்தில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் அந்தப் பகுதியையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். பிறகு சீட்டைப் பார்த்துவிட்டு ஜன்னத்தைக் கேட்டார், நீங்கதான் மனைவியா, மே மாசமே சொல்லியிருக்காங்களே, அப்படி என்னதான் போட்டுக் கொடுத்துட்டு இருந்தீங்க என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எண்ணெய்கூட அளந்துதான் சார் ஊத்துனேன்" என்றாள். அவர் நம்பாமல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். உங்கள் வாப்பாவின் தங்கை ஆஸியா பீவி தினமும் வந்துவிடும். அதுதான் முதலில் தொடங்கியது. "கஞ்சியும் கீரையுமா குடுத்து மனுசனை உலத்திப்புட்டியேடி, வீட்டுக்கு உழைக்கிற ஆம்பளைக்கு வயித்துக்குப் போட்டாத்தானே நெஞ்சுல வலு இருக்கும்" என்று ஜன்னத்தின் முகத்துக்கு நேரே சொன்னது. வந்திருந்த பெண்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜன்னத் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். மாமிக்குத் தெரியும், மாமி சொல்லுவாங்க என்று பார்த்தாள். நான் தலைத் துப்பட்டியைச் சரி செய்துகொண்டேன். நானாவும் உள்ளே படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், அவனும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம்தான் நீயும் போன் பண்ணினாய். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை, அவள் போனை வைத்துவிட்டு, "தம்பியும் நான்தான் பட்டினி போட்டுட்டேங்குறாங்க மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஊரே பேசியதைத்தான் நீயும் பேசினாய், ஊர் பேசட்டும் என்று விட்டவள் நான்.

ஒரு நாள் காலையில் அவள் என்னிடம் வந்து இடுப்பில் செருகியிருந்த அடுப்படி அலமாரிச் சாவியை எடுத்து என் மடியில் வைத்தாள். கோபமாக இல்லை, அழவும் இல்லை. "மாமி, இனிமே நீங்களே ஆக்கி அவங்களுக்குக் குடுங்க. என் கையில பரக்கத் இல்ல. நான் தொட்டது எதுவும் அவங்க உடம்புக்கு ஆவல" என்று சொன்னாள். அவள் எங்கும் போகவில்லை, துணி துவைத்தாள், வீடு பெருக்கினாள், அடுப்புப் பக்கம் மட்டும் போகவில்லை. நான் சாவியை வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றேன். எனக்கு அங்கே எது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அவள் எண்ணெய் ஊற்றுகிற கரண்டி ஆணியில் தொங்கியது, அதைக் கையில் எடுத்ததும் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அஸருக்குப் பிறகு ஆஸியா பீவியும் தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். வழக்கம்போலப் பேச்சைத் தொடங்கியதும் நான் நிறுத்தச் சொன்னேன். நான்தான் அவனுக்குத் திருட்டுத்தனமாக ஆக்கிப் போட்டேன், ஆறு மாதமாக அவள் பட்ட பாட்டையெல்லாம் நான் பகலில் ஒரு மணி நேரத்தில் கெடுத்தேன், அவள் சொன்ன மாதிரி விட்டிருந்தால் இது இந்த அளவுக்கு வந்திருக்காது என்று சொன்னேன். ஆஸியா பீவி கையைக் காட்டி, "இத எதுக்கு இப்ப எல்லார் முன்னாலயும் சொல்றீங்க, உள்ள வச்சுப் பேசக்கூடாதா" என்றது. அவளை எல்லோர் முன்னாலேயும்தானே பேசினீர்கள் என்றேன். அதற்குள் நானா சுவரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். எழுந்திருக்கக் கூடாது என்று நான் கத்தினேன். அவன் வாசல்படியில் நின்றுகொண்டு, "உம்மா மேல மட்டும் போடாதீங்க. நாப்பத்தேழு வயசு ஆம்பள நான், என் வாயில யாரும் திணிக்கல. ரெண்டு பொம்பளைங்களையும் ஏமாத்துனது நான்தான்" என்றான். நடக்கப் போகிறேன் என்று தினமும் விடிகாலையில் போனானே, தங்கையன் பாவம் சாலை முழுக்க நடந்து திரும்பி வருகிறவரைக்கும் இவன் டீக்கடை பெஞ்சில் சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பானாம், அதையும் அப்போதுதான் சொன்னான். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். ஜன்னத் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள், குழாய்த் தண்ணீர் வெகு நேரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னிடம் பேசவில்லை. மாத்திரை கொடுப்பாள், வெந்நீர் வைப்பாள், சாவியை என் அறையிலிருந்து அவளாகவே எடுத்துக்கொண்டாள், ஆனால் மாமி என்று கூப்பிடவில்லை. நானாவிடமும் தேவைக்குத்தான் பேசினாள். அதை நான் தாங்கிக்கொண்டேன், ஆனால் தட்டுக் கழுவிய விஷயம் உள்ளே கிடந்து என்னைக் குடைந்துகொண்டே இருந்தது, அதைச் சபையில் நான் சொல்லவில்லை. ஒரு நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்து அதையும் சொல்லிவிட்டேன். சட்டி, சாம்பிராணி எல்லாம். அவள் கையிலிருந்த நானாவின் சட்டையை மடிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அத மட்டும் நீங்க என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் மாமி" என்றாள். எழுந்து போய்விட்டாள். சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் பாரத்தை இறக்கிவைக்க அவள் தலையில் ஏற்றிவிட்டேனோ என்று இப்போது அதற்கும் சேர்த்து வருத்தப்படுகிறேன். தஞ்சாவூர் டாக்டரிடம் மறுபடி காட்டப் போனபோது நானே கேட்டேன், நான் ஆக்கிப் போட்டதால்தானா என்று. அவர் பொறுமையாகச் சொன்னார், இருபது வருஷத்து சிகரெட்டும், உட்கார்ந்தே கிடந்ததும், பரம்பரையும் எல்லாம் சேர்ந்துதான் அடைப்பு, ஒரு தட்டுச் சாப்பாட்டில் வருவதில்லை, ஆனால் வலி வந்தபிறகு வீணான நேரம் வீணானதுதான் என்று. முதல் பாதியைக் கேட்டு ஆறுதல் அடையலாம் என்று பார்த்தேன், இரண்டாவது பாதி விடவில்லை.

இப்போது நானா நிஜமாகவே நடக்கிறான். தங்கையன் வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிப் போகிறார், முதலில் தெருமுனை வரைக்கும் போய்வந்தார்கள், இப்போது கடற்கரைச் சாலையில் பாதி தூரம் போகிறார்கள், மெதுவாகத்தான், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போகச் சொல்லியிருக்கிறார்கள். சிகரெட்டை விட்டுவிட்டான், விட்ட முதல் வாரம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தான், அவன் கடையில் இப்போது அரை நாள்தான். படி ஏற முடியவில்லை என்று கீழ் அறைக்கு வந்துவிட்டான். முன்னே மாதிரி மூட்டை தூக்க இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அதை அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

முந்தாநாள் ஒன்று நடந்தது. நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து ஜன்னத் தையல் வகுப்புக்குப் போகவே இல்லை, பிள்ளைகள் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். முந்தாநாள் காலையில் எல்லாம் ஆக்கி முடித்துப் புர்காவை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். "மாமி, நான் தருமபுரம் போய்ட்டு வர்றேன். அவங்களுக்குப் பகல் சாப்பாட்ட நீங்க எடுத்து வைங்க" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் எச்சரிக்கவில்லை, எதையும் பூட்டவில்லை, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானா வந்து உட்கார்ந்ததும் மூடியைத் திறந்து அந்த ஒரு கை சோற்றையும் கீரையையும் மீன் குழம்பையும் அவனுக்கு வைத்தேன். குழம்பு கொஞ்சம் மேசையில் சிந்திவிட்டது. அவன் சாப்பிட்டான். நானும் எதிரே உட்கார்ந்து அதையேதான் சாப்பிட்டேன். சாயங்காலம் அவள் வந்து தட்டைப் பார்க்கவில்லை, என் அறைப் பக்கமும் பார்க்கவில்லை, பஸ்ஸில் நெரிசல் மாமி என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். மாமி என்ற அந்தச் சொல்லுக்கு நான் தகுதியானவளா என்று கேட்டுக்கொண்டு இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு இப்போது நாற்பத்துமூன்று. இத்தனை வருஷமும் ஊரிலிருந்து யார் வந்தாலும் அல்வா, தம்ரூட், நெய்யில் பொரித்த இறைச்சி என்று டப்பா டப்பாவாகக் கட்டி அனுப்பினேன், இந்தத் தடவை உம்மா ஒன்றும் தரவில்லையா என்று கேட்டார் கடிதம் கொண்டுவருகிறவர், இல்லை என்றேன். பெருநாளுக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து என் மகன் நல்லா சதை போட்டுட்டான் என்று தெருவெல்லாம் காட்டினேன், நேற்று அதை எடுத்துப் பார்த்தேன், உன் சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஆபீஸில் உட்கார்ந்தே வேலை, காரிலேயே போக்குவரத்து, ராத்திரி பதினோரு மணிக்குக் கடையில் குப்பூஸ் ரொட்டியும் கபாபும் குளிர்பானமும் என்று நௌஷின் ஒரு தடவை சொன்னாள், நான்தான் ஆம்பளைப் பிள்ளை உழைச்சுட்டுச் சாப்பிடுறான் விடு என்று அவள் வாயை அடைத்தேன். அந்த மருமகளிடமும் நான் மாப்புக் கேட்டதாகச் சொல். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் கொழுப்பும் பார்த்துவிடு, வாப்பாவுக்கும் நானாவுக்கும் இருந்தது என்று அங்கே டாக்டரிடம் மறைக்காமல் சொல். ராத்திரி நேரத்தோடு சாப்பிடு, நேரத்தோடு படு, காரை ஒரு தெரு முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்து போ. நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ ஒரு இழுப்பு வந்தால் வாய்வு என்று சொல்லிக்கொண்டு படுக்காதே, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பார்த்து முடித்த பிறகு எனக்குப் போனில் சொல், நல்லா இருக்கேன் உம்மா என்று பொதுவாகச் சொல்லாதே, என்ன அளவு வந்தது என்று சொல்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உறுதியான உடம்பையும் கொடுப்பானாக, உன் நானாவின் நெஞ்சுக்கு ஷிஃபா கொடுப்பானாக, நௌஷினுக்கும் பேரப்பிள்ளைக்கும் என் சலாமும் முத்தமும். நான் செய்ததை அல்லாஹ் மன்னிக்க வேண்டும் என்று நீயும் எனக்காக துஆச் செய்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே உன் மச்சிக்குப் போன் பண்ணு. அஸருக்குப் பிறகு பண்ணினால் அவளே எடுப்பாள். தப்பாப் பேசிட்டேன் மச்சி என்று நேராகச் சொல், என்னைக் காரணம் காட்டாதே. அவள் பரவாயில்லை தம்பி என்றுதான் சொல்வாள். என்னிடமும் அப்படித்தான் ஒரு நாள் சொல்லப் போகிறாள், அவள் குணம் அது. அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காக அது பரவாயில்லை என்று ஆகிவிடாது சஃபியுல்லா, அதை நாம் இரண்டு பேரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

உன் துஆவை எதிர்பார்த்திருக்கும் உன் உம்மா,
பீ. சுல்தான் பீவி